ரொக்கம் அங்கே, பாக்கி இங்கே!

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது. பெருங்காய டப்பாவைத் திறக்கிறீர்கள். காலி! என்ன செய்வீர்கள்?

நம் பாட்டிமார்களாக இருந்தால், வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, "ஓடிப் போய்க் கடையில் பெருங்காயம் வாங்கிக்கொண்டு வா" என்று விரட்டியிருப்பார்கள். பையன் வழியில் கோலி விளையாட நின்றுவிட்டால், அன்றைய சாம்பார் வாசனையில்லாமலே முடிந்துவிடும். இப்போது அந்தக் கவலை ஏது? போனில் நாலு தட்டுத் தட்டினால், பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடிக்கிறது. யாரோ ஒரு பிள்ளை வியர்க்க விறுவிறுக்க வந்து பொட்டலத்தை நீட்டிவிட்டுப் பறக்கிறான். அவன் முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான், நேயர்களே. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி படித்த பிறகு, "இவள் மட்டும் என்ன யோக்கியம்?" என்று நீங்கள் கேட்டுவிடக்கூடாது பாருங்கள்!

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி. திருவாரூர் ஜில்லாவில், காவிரித் தண்ணீர் கடலைத் தொடுவதற்கு முன்னால் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடைச் சீமை. நெல்லை நம்பிப் பிழைக்கிற ஊர். வயல் விளைந்தால் கடைத்தெரு சிரிக்கும். வயல் காய்ந்தால் கடைத்தெருவும் காயும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், விடியற்காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா காப்பி கொடுத்தாள். நான் பாதி குடிப்பதற்குள் சமாசாரத்தைச் சொல்லிவிட்டாள்.

"அண்ணாச்சி கடையை மூடறாராம். இந்தப் பொங்கலோடு சரியாம்."

எந்த அண்ணாச்சி என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு உலகத்திலேயே ஒரே ஓர் அண்ணாச்சிதான் உண்டு. அவருடைய தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தெருமுனையில் கடை போட்டவர். அண்ணாச்சி அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலேயே வளர்ந்து, அங்கேயே நரைத்தும் போனார்.

"நீ ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா" என்றாள் அம்மா.

"நீயும் வாயேன்."

"நான் வரலை. அவர் முகத்திலே முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு."

அந்தக் கூச்சத்துக்குக் காரணம் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

* * *

அண்ணாச்சி கடை என்றால் பெரிய மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பலகைக் கதவு. வாசலில் வேதாரண்யத்து உப்பு மூட்டை. இரவு கடையைப் பூட்டும்போது எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைப்பார். உப்பு மூட்டையை மட்டும் வாசலிலேயே விட்டுவிடுவார். உப்பைத் திருடுகிறவன் எங்கள் பக்கத்தில் பிறந்ததில்லை. உள்ளே நுழைந்தால் மிளகாய் வற்றலும் மண்ணெண்ணெயும் வெல்லமும் கலந்து ஒரு நெடி. உத்தரத்திலிருந்து தொங்கும் சணல் உருண்டை. பக்கத்தில் பொட்டலம் கட்டுவதற்காக அடுக்கிய பழைய காகிதம்.

அந்தக் காகிதத்துக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டவள். துவரம் பருப்பு வந்த காகிதத்தைப் பிரித்தால் ஏதாவது ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதைப் பக்கமாக இருக்கும். கதாநாயகி கிணற்றடியில் நிற்பாள். பின்னால் காலடி ஓசை கேட்கும். "தொடரும்" என்று போட்டிருக்கும். அடுத்த பக்கம் யார் வீட்டுக் கடலைப் பருப்போடு போயிற்றோ! நான் பத்திரிகைக்காரியானதற்கு அந்த ஏக்கம்தான் காரணமோ என்று சில சமயம் தோன்றுகிறது.

சாமான் வாங்கி முடித்ததும் அண்ணாச்சி ஒரு துண்டு வெல்லத்தை உடைத்து என் உள்ளங்கையில் வைப்பார். அதுதான் கொசுறு. ஜாபிதாவில் எழுதாதது, கணக்கில் வராதது.

ஆனால் அந்தக் கடையின் உண்மையான முதல், பருப்பும் புளியும் அல்ல. கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்த நீளமான பேரேடுதான்.

நகரத்தில் சம்பளம் மாதா மாதம் வருகிறது. குடியானவர் வீட்டில் அப்படியில்லை. சம்பா நெல்லை ஆவணியில் விதைத்தால் தை மாதம்தான் காசு. நடுவில் ஐந்து மாதம்! வயிறு அறுவடை வரையில் காத்திருக்குமா? தினமும் உலை வைக்க வேண்டும்; தீபாவளி வரும்; பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அந்த ஐந்து மாதத்தைத் தாண்டுவதற்குப் பாலம் போட்டுக் கொடுத்தவர் அண்ணாச்சி. "எழுதிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்திரமில்லை, கையெழுத்தில்லை, ஜாமீன் இல்லை. அறுவடை முடிந்ததும் முதல் வேலை அவர் பாக்கியை அடைப்பதுதான். அவரும் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்த் தமக்குத் தவணை கொடுத்த மொத்த வியாபாரியிடம் கட்டுவார். இப்படி எங்கள் வயலில் பழுத்த கதிருக்காக எத்தனையோ பேர் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அண்ணாச்சி தரும சத்திரம் நடத்தினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கடையில் பருப்பு, பெரிய கடையைவிடக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடத்தான் இருக்கும். சில மாதம் வண்டு விழுந்த பயறும் வரும். "நிறுவை சரியில்லை" என்று அம்மா சண்டை போட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மூன்று ரூபாய்க்குள்ளேதான் அவர் ஐந்து மாதம் காத்திருந்ததற்கான கூலியும் அடங்கியிருந்தது. இது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

* * *

அன்று காலை கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்காளிடம் இந்தக் கதையை உருக்கமாகச் சொன்னேன். அவள் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள். நடவு, களையெடுப்புக் காலத்தில் வயலுக்கும் போவாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கரி படிந்த பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணாச்சி நல்லவருதான் தங்கச்சி, இல்லேங்கலை. ஆனா உங்களுக்கு வெல்லம் கொடுத்த கடையிலே நான் ஓரமா நின்னுக்கிட்டு இருந்தவ. பெரிய வீட்டு ஆளுங்க எல்லாரும் வாங்கிட்டுப் போனப்புறம்தான் எனக்கு நிறுப்பாங்க. 'அதை எடுங்க பாப்போம்'னு கேக்கக்கூட வாய் வராது. இப்ப பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய கடை வந்திருக்கில்ல? அங்கே கூடையை எடுத்துக்கிட்டு நானே உள்ளே போறேன். நானே தொட்டுப் பாத்து எடுக்கறேன். யாரும் தள்ளி நில்லுன்னு சொல்லலை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கடை அழிகிறதே என்று அழ உட்காரும்போது, அந்தக் கடை வாசலில் யார் யார் எங்கெங்கே நின்றார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா? வெல்லத் துண்டு எல்லாக் குழந்தைகளின் கையிலும் விழவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அவளுக்கு ஒரு கௌரவம் கிடைத்திருக்கிறது. அது சின்ன விஷயமல்ல.

"அங்கே கடன் கொடுப்பாங்களா அக்கா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அதுக்குத்தான் குழுக் கடன் இருக்கே! வாரா வாரம் வசூலுக்கு வீட்டு வாசல்லே வந்து உக்காந்துடுவான். வேலை இருந்துதா, மழை பேஞ்சுதான்னு அவனுக்கு என்ன தெரியும்? செவ்வாய்க்கிழமைன்னா செவ்வாய்க்கிழமைதான்."

அறுவடைக்காகக் காத்திருந்த கடன் போய், கிழமை தவறாத கடன் வந்துவிட்டது. இப்படி வீட்டு வாசலில் நடக்கும் கெடுபிடி வசூலைத் தடுப்பதற்காக, 2025ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாக ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

* * *

சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

அலமாரிகளில் பாதி காலி. தராசு மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. அண்ணாச்சி ஒரு முக்காலியில் உட்கார்ந்து பழைய பேரேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க பாப்பா! எப்ப வந்தீங்க? பேரப் பிள்ளைங்க சௌக்கியமா?" என்றார். என்னைப் பாப்பா என்றும், என் குழந்தைகளைப் பேரப் பிள்ளைகள் என்றும் சொல்லுகிற வாய் ஊரில் இன்னும் எத்தனை இருக்கிறது!

"ஏன் அண்ணாச்சி மூடறீங்க? ஏதாவது நஷ்டமா?"

"ஒரே நாள்லே வந்த நஷ்டமா இருந்தா ஈடு கட்டிடலாமே பாப்பா. இது கிணத்துத் தண்ணி மாதிரி. இறங்கினது தெரியலை" என்றார்.

பிறகு விரல் விட்டு எண்ணினார். முன்பெல்லாம் அறுவடைக் கூலி நெல்லாகவே கொடுப்பார்கள். தை பிறந்தால் பெண்கள் முறத்திலும் கூடையிலும் கூலி நெல்லைக் கொண்டுவந்து கடையில் அளந்து போட்டுவிட்டுச் சாமான் வாங்கிப் போவார்கள். அறுவடை இயந்திரம் வந்தது. நாலு நாள் வேலை நாலு மணியில் முடிந்தது. கூலி நெல்லும் போயிற்று. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். "ஏழை வயிறு நிறைஞ்சுது, நல்லதுதான், ஆனா என் கடை அரிசி மூட்டை அசையலை" என்றார். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் நேரே பாங்கிக்குப் போகிறது. முன்பு மடியில் பணத்தோடு கடைத்தெரு வழியாக வீட்டுக்குப் போனவர்கள், இப்போது மோட்டார் சைக்கிளில் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் போகிறார்கள்.

"பெரிய கடைக்காரன் சோப்பு விக்கற விலை இருக்கே, அது என்னோட கொள்முதல் விலையைவிடக் கம்மி பாப்பா! கம்பெனியிலேருந்து லாரியோட எடுக்கறவனும், ஏஜென்டுகிட்டே ஒரு பெட்டி எடுக்கற நானும் ஒண்ணா? வெக்கத்தை விட்டுச் சொல்றேன். இரண்டு தடவை நானே அங்கே போய்ச் சோப்பு வாங்கிட்டு வந்து இங்கே வித்திருக்கேன்!"

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

2012ல், பல சரக்குச் சில்லறை வியாபாரத்தில் அந்நிய முதலீடு 51 சதவிகிதம் வரை வரலாம் என்று மத்திய அரசு சொன்னபோது, தமிழ்நாட்டில் எவ்வளவு எதிர்ப்பு! கடையடைப்பு என்ன, கறுப்புக் கொடி என்ன! அண்ணாச்சியும் அன்று கதவைச் சாத்தினாராம். "வாசல் வழியா வரக்கூடாதுன்னு நாங்க கதவைச் சாத்தினோம். அது போன் வழியா உள்ளே வந்துட்டுது" என்றார். 2018ல் அமெரிக்க வால்மார்ட் கம்பெனி ஃபிளிப்கார்ட்டில் பெரும்பங்கை வாங்கியதை அவர் பேப்பரில் படித்து ஞாபகம் வைத்திருந்தார்.

"அதுவும் போகட்டும். ஜனங்க எங்கே வேணும்னாலும் வாங்கலாம். ஆனா ஒண்ணு பாப்பா. மாசம் பிறந்தா ரொக்கம் அங்கே போவுது. இருபது தேதிக்கு மேலே கையிலே காசு தீர்ந்ததும் பாக்கி இங்கே வருது. ரொக்கம் அங்கே, பாக்கி இங்கே! பாக்கியை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு கடை எத்தனை நாள் நடக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

"உங்க வீட்டுப் பெட்டிகூட இங்கே வந்து வழி கேட்டுத்தான் போகும்" என்றார் அண்ணாச்சி, சாதாரணமாக.

"எந்தப் பெட்டி?"

"நீங்க மெட்ராஸ்லேருந்து போன்லே போட்டு அம்மாவுக்கு அனுப்பறீங்களே, மாசச் சாமான். கொண்டு வர்ற பையன் ஊருக்குப் புதுசு. தெருமுனையிலே நின்னு, 'இந்த வீடு எது?'ன்னு என்னைத்தான் கேப்பான். நான்தான் கை காட்டுவேன்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நேயர்களே. குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மாவின் கூச்சம் என்ன என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. தூரத்திலிருந்து தாயாரைக் கவனித்துக்கொள்ளும் கெட்டிக்காரப் பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு அட்டைப் பெட்டியை அனுப்பி, அவள் அந்தக் கடைக்குப் போகும் வழியை நான்தான் அடைத்திருக்கிறேன்.

* * *

பேச்சை மாற்றுவதற்காக, "இந்தப் பேரேடெல்லாம் என்ன செய்யப் போறீங்க? பழைய பேப்பர்க்காரனுக்கா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது.

"அதெப்படி பாப்பா? யார் யார் எவ்வளவு பாக்கின்னு பேரோட இருக்கு. பேப்பர்க்காரன்கிட்டே போட்டா நாளைக்கு எவனாவது வடை மடிச்சுக் கொடுப்பான். ஒருத்தர் வீட்டுக் கஷ்டம் ஊர் கையிலே சிரிக்கவா? நாளைக்குப் போகி. கொளுத்திடப் போறேன்."

எனக்கு என்ன தோன்றியதோ, "எங்க அப்பா கணக்கு இருக்குமா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு ஒரு பேரேட்டை எடுத்து, தேடாமலே பக்கத்தைத் திருப்பினார்.

2016 கார்த்திகை மாதம் என்று தலைப்பில் இருந்தது.

அந்த வருஷத்தை எங்கள் ஜில்லாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறக்க வேண்டும் என்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் அணை திறக்கவே இல்லை. 2016ல் செப்டம்பரில்தான் தண்ணீர் விட்டார்கள். அதை நம்பிச் சம்பா போட்டவர்களை வடகிழக்குப் பருவமழை கைவிட்டுவிட்டது. பெய்ய வேண்டிய மழையில் நூற்றுக்கு 62 பங்கு பெய்யவில்லை. பயிர் நின்ற நிலையிலேயே காய்ந்தது. அந்தச் சமயம் பார்த்து, நவம்பர் 8ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமே, மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் அந்த நோட்டுகளை வாங்கக்கூடாது என்று கட்டளை. குடியானவனுக்குத் தெரிந்த பாங்கியே அதுதான்! 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது.

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாங்கி வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றிச் சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு தரம் ஊருக்குப் போன் செய்வேன். "இங்கே ஒண்ணும் குறைவில்லே. நீ உடம்பைப் பாத்துக்கோ" என்பார் அப்பா.

அந்தக் குறைவின்மைதான் இதோ என் கண் முன்னால் பக்கம் பக்கமாகக் கிடந்தது. துவரம் பருப்பு அரைக் கிலோ. புளி கால் கிலோ. தீப்பெட்டி ஒன்று. அப்பாவின் இருமலுக்குச் சித்தரத்தை. பொங்கலுக்கு வெல்லம் ஒரு கிலோ. நான் வந்திருந்த நாளில், எனக்குப் பிடிக்குமென்று, முந்திரிப் பருப்பு நூறு கிராம். அந்தப் பொங்கலுக்குச் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. "நெய் கொஞ்சம் போதாது" என்றுகூடச் சொன்னேன்!

பற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. பிறகு, 2018 தை அறுவடையிலிருந்து, வரவு: ஐந்நூறு, இருநூறு, நூறு. நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்த வாரத்தில் வரவு நின்றுவிட்டது. பற்று மறுபடி தொடங்கியது. மெழுகுவத்தி, மெழுகுவத்தி, மெழுகுவத்தி. வெளியே மெழுகுவத்தியைத் தங்க விலைக்கு விற்ற அந்த நாட்களில், அண்ணாச்சி அட்டையில் போட்ட விலைக்கே எழுதியிருந்தார். அவர் கடைக் கூரையின் தகரமே பறந்துபோயிருந்த சமயம் அது.

2019 ஆனியில் அப்பா காலமானார். கணக்கு அங்கே நின்றிருந்தது. பாக்கி 4,310 ரூபாய்.

"ஏன் அண்ணாச்சி எங்களைக் கேக்கலை?"

"துக்கம் நடந்த வீட்டிலே எப்படிக் கேக்கறது? ஆறு மாசம் போகட்டும்னு இருந்தேன். அதுக்குள்ளே அக்கா கடைக்கு வர்றது குறைஞ்சு போச்சு. வராதவங்களைக் கூப்பிட்டுப் பேசினா, பாக்கிக்காகத்தான் பேசறான்னு நினைப்பாங்க. வேண்டாம்னு விட்டுட்டேன்."

நான் பணம் தருவதாகச் சொன்னேன். "வேண்டாம் பாப்பா" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நல்ல வேளை, அவர் அப்படிச் சொல்லவில்லை.

"கொடுங்க. கடன்னா அடையணும். அப்பவும் அதைத்தான் சொல்வார் உங்க அப்பா" என்றார்.

"வட்டி?"

"நான் என்ன வட்டிக் கடையா வெச்சிருந்தேன்?"

கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை. கல்லாவின் மேல் ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையின் முன்னால் போனை நீட்டினேன். அண்ணாச்சி அவசரமாக, "இருங்க, இருங்க பாப்பா!" என்று தடுத்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பணம் வந்து சேர்ந்ததும் தொகையை உரக்கச் சொல்லுமே, அதுதான். அதன் பொத்தானை அமுக்கி வாயை அடைத்தார்.

"தெருவுக்கே கேக்கும்படி கத்தும் சனியன். உங்க அப்பா கணக்கு, ஊருக்கு எதுக்கு?"

பெட்டி பேசாமல் இருந்தது. அண்ணாச்சி தம் போனில் தொகையைச் சரி பார்த்துக்கொண்டார். பேனாவை எடுத்து "வரவு 4,310" என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பின்பக்கம் வேறே ஒருத்தர் கணக்கு இருக்கு பாப்பா."

புறப்படும்போது, அடியில் மிச்சமிருந்த மூட்டையிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

* * *

போகியன்று விடியற்காலை தெருமுனையில் நெருப்பு எரிந்தது. பாய்களும் முறங்களும் எரிந்த குவியலில் அண்ணாச்சியின் பேரேடுகளும் எரிந்தன. அவர் தள்ளி நின்று, ஒரு தாளும் பறந்துவிடாதபடி கோலால் தள்ளிக்கொண்டே இருந்தார். அம்மா என்னோடு வந்திருந்தாள். இரண்டு பேரும் பொங்கல் சாமானைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசினார்கள். வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அண்ணாச்சி கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். கடை இருந்த இடத்தில் போன் ரிப்பேர் கடை வந்துவிட்டது. அம்மாவுக்குப் பெட்டி அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன். பணமாக அனுப்புகிறேன். அடுத்த தெருவில் மிச்சமிருக்கும் ஒரு கடைக்கு அவளே நடந்து போய், மாதப் பிறப்பில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறாள். இதனால் உலகம் திருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் பெருங்காயம் வரவழைப்பதும் எனக்கு அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் தூரத்து ஊரில் தாயாரோ மாமியாரோ தனியாக இருக்கும் சகோதரிகளைப் பார்த்தால், நான் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்கள் ரொக்கம் எங்கே போகிறது? அவசரமென்றால் பாக்கி எங்கே சொல்லுவீர்கள்? இரண்டும் ஒரே இடமா?"

சென்னை திரும்பிய மறுநாள், பால் வாங்க எங்கள் தெருக் கோடியில் இருக்கும் சின்னக் கடைக்கு நானே போனேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. போனை வீட்டில் வைத்துவிட்டேன். கையிலிருந்த சில்லறையில் இரண்டு ரூபாய் குறைந்தது. விழித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவாயில்லைம்மா, நாளைக்குக் கொடுங்க" என்றார்.

பெயர்கூடக் கேட்கவில்லை. இரண்டு ரூபாய்க் கடன்காரியாக வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.